கெல்லி வீட்டு வடகயிறு

புன்னைத்துறையில் கெல்லி வீட்டுச் செத்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்த வருஷம் பாலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் செத்தவர்களானாலும் அவர்கள் அயர்லாந்துக்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள், அவர்களுக்கு டீ கெட்டியாக இருக்கவேண்டும், அதன்மேல் பால் தாராளமாக விழவேண்டும், தண்ணிப் பாலை ஊற்றினால் கிளாஸை என் பக்கமே தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பெனடிக்டா மோத்தா. படகு ஏற்றிவைக்கும் மணலுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு டீக்கடை நடத்துகிறவள். ஊர்க் கமிட்டித் தலைவர் மெல்கியோர் மோத்தா என் கூடப்பிறந்த அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, சொந்த அண்ணனைப் பற்றியா இவள் இப்படிப் பேசினாள் என்று நீங்கள் மூக்கில் விரல் வைக்கவேண்டாம்.

எங்கள் கரையில் கரைவலை உண்டு. படகு போய் வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும், வலையின் இரண்டு முனையிலும் கட்டிய நீளக் கயிறுகளைக் கரையில் நின்று நாங்கள் இழுப்போம், கடைசியில் மீன் நிறைந்த மடி, அதாவது வலையின் பை, மணலுக்கு வரும். தென்கயிற்றை ஊர் இழுக்கும். வடகயிற்றை அன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு ரத்தம்தான் இழுக்கவேண்டும், ஆணோ பெண்ணோ எட்டுப் பேர், கூலிக்கு ஆள் பிடிக்கக்கூடாது, சம்பந்தி வீட்டார் விரல்கூட வைக்கக்கூடாது. எட்டுப் பேரைக் கூட்டமுடியாத வீட்டுக்கு முறை கிடையாது. முறை இல்லாத வீட்டுக்குக் கமிட்டியில் நாற்காலி இல்லை, மாதா சப்பரத்தில் தோள் இல்லை, ஏலத்தில் அவர்கள் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் எல்லோரும் கடலைக் காட்டுவார்கள்.

மோத்தாக்களும் பர்னாந்துகளும் ரோட்ரிகோக்களும் குஞ்சும் குளுவானுமாகக் கிடக்கிற எங்கள் ஊரில் கெல்லி வீடு ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் கடத்தல் பிடிக்கிற காவல் படகில் ஜேம்ஸ் கெல்லி என்று ஒரு பையன் வந்தான், குடிக்கத் தண்ணீர் கேட்டான், தண்ணீர் கொடுத்த சந்தானம்மாளைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான், ஒரு மகனைப் பெற்றான், மேலிடத்து உத்தரவு வந்ததும் வேறு கரைக்குப் போனான், போனவன் போனவன்தான். அந்த மகன் கஸ்பார் ஒற்றை, கஸ்பார் மகன் சிலுவை ஒற்றை, சிலுவை மகள் தெக்லா ஒற்றை, தெக்லா பெற்ற ரீத்தாவும் ஒற்றை. தெக்லாவைக் கட்டியவர் வெளியூர்க்காரர், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஆக, நான் சொல்லுகிற இந்தக் கதை நடந்தபோது கெல்லி ரத்தம் என்று கரையில் நடமாடியது இரண்டே இரண்டு பேர், கோயில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த தெக்லாவும், இறால் கம்பெனியில் வேலை பார்த்த ரீத்தாவும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாதா திருவிழாவன்று முறைகளைப் புதிதாக வகுப்பார்கள். அந்த வருஷம் அது வந்தது. ரீத்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிடித்துப்போய், வெளியே வந்து, "வீட்டுக்குக் கரையில முறை உண்டுமா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு போனது அதற்கு முந்தின மாதம்தான். தெக்லா கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து நின்றாள். எங்களுக்கும் ஒரு முறை வேண்டும் என்றாள்.

என் அண்ணனுக்கு நாலு பேர் எதிரே இருந்தால் நாக்கில் குசும்பு தானாக வரும். "எட்டுப் பேரைக் கொண்டா தெக்லா, வடகயிறு உனக்குத்தான்" என்றான். "உன் ரத்தமா இருக்கணும், அவ்வளவுதான். உயிரோட இருக்கணும்னுகூட நான் கேக்கல."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தெக்லா மட்டும் சிரிக்கவில்லை.

"பேச்சு பேச்சுதான தலைவரே?"

"மோத்தா வீட்டுப் பேச்சு. மாறாது."

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் தெக்லாவின் கண்ணை நான் பார்த்தேன், என் அண்ணன் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஊரிலேயே செல்போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் அந்தப் பெஞ்சின் வடக்கு மூலைதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, கட்டிக்கொண்டது, செத்தது, எந்த வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது வரைக்கும் எழுதிவைத்து, எழுதியதை இன்டர்நெட்டில் ஏற்றிவைத்திருக்கிறார்களாம். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பிடி. மேயோ என்று அயர்லாந்தில் ஒரு கரை, அங்கே என் அப்பன் கரைக் காவல்காரன் என்று ஜேம்ஸ் கெல்லி சந்தானம்மாளிடம் சொன்னது வாய்வழியாக வந்து தெக்லா வரைக்கும் நின்றிருந்தது. மேயோவில் காவல் காத்தவன் மகன் மேயோவில்தானே பிறந்திருப்பான்? அவள் மேயோ கரைக் கோயில்களின் ஞானஸ்நானங்களைத் தேடினாள், தேடினாள், வருஷம் பொருந்த ஒரு ஜேம்ஸ் கெல்லி அகப்பட்டான். "கிடைச்சிட்டாரு பெனியக்கா!" என்று கத்திவிட்டு அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தாள், நானும் சந்தோஷத்தில் ஒரு இஞ்சி டீ போட்டுக்கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை சாளை மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸ் கெல்லி கடலிலிருந்து நடந்து வந்தான். கம்பளித் தொப்பி, வெறுங்கால், முழங்காலுக்குமேல் சுருட்டிய கால்சட்டை, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஈரம். ஏலம் விடுகிறவர் அவனுக்கு வழிவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று ஏலத்தைத் தொடர்ந்தார், பாதியில் விட்டால் சாளை வீணாய்ப் போய்விடும் அல்லவா. அவன் நேரே என் கடைக்கு வந்தான், கெட்டிலைக் காட்டினான், நான் ஊற்றிக்கொடுத்தேன், குடித்தான். செத்தவன் குடித்த டீ எங்கே போகும் என்று அடுப்புப் பக்கம் நின்ற ஒருத்தி கேட்டாள். உயிரோடிருக்கிறவன் குடித்தது எங்கே போகுமோ அங்கேதான் போகும், வேலையைப் பார் என்றேன்.

ஊர் அவனை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. வெயிலில் அவன் தோல் உரிந்ததைப் பார்த்துப் பெண்கள் தேங்காயெண்ணெய் கொடுத்தார்கள். பங்குச் சாமியாரிடம் போய் இவனை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அவர் மோவாயைச் சொறிந்து யோசித்து, ஞானஸ்நானம் வாங்கியாயிற்று, சாவும் ஆயிற்று, பாக்கி இருப்பது செய்த பாவத்தையெல்லாம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம்தான், சனிக்கிழமை வரச்சொல்லுங்கள் என்றார். சனிக்கிழமை அவன் உள்ளே போனவன் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது, சாமியார் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

அப்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். மறுநாள் போலீஸ் ரோந்துப் படகு கரைக்குப் பக்கமாக வந்தது. ஜேம்ஸ் கெல்லி கிளாஸைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் என் விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். படகு போனபிறகும் வரமாட்டேன் என்றான். தெக்லா குனிந்து இங்கிலீஷில் கேட்டாள், அவன் இங்கிலீஷில் சொன்னான், கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"என்னடி சொல்லுதான்?"

"இவரு காவல்காரர் மகன் இல்லையாம் அக்கா. இவங்க வீடு சாராயம் காய்ச்சுற வீடாம், இவரு அதைப் படகுல கொண்டுபோறவராம். கெல்லின்னு ஒரு காவல்காரன் இருந்தான், எங்க உயிரை வாங்கினான், ஆனா அவன் எங்க ஊர்க்காரன் இல்லைங்காரு. எங்க ஊர்க்காரனை எங்க கரைக்கே எவன் காவல் போடுவான்னு என்னையே கேக்காரு."

கேட்டுக்கொண்டிருந்த மொத்தக் கரையும் தலையில் அடித்துக்கொண்டது. எங்களுக்கு எங்கே தோன்றும்? எங்கள் கரையில் எது என்றாலும் அந்தந்தக் கரைக்காரன்தான் காப்பான், அடுத்த ஊர்க்காரன் நம் மணலில் நின்று காவல் காப்பது என்பது நாங்கள் கேள்விப்படாத சங்கதி. ஆனால் அங்கே காவல்காரனைப் பிறந்த ஊரில் விடவே மாட்டார்களாம். விட்டால் மாமன் படகையும் மச்சான் படகையும் எப்படிப் பிடிப்பான்? அதற்காக அவனைக் குடும்பத்தோடு கரை கரையாகத் தூக்கிப்போட்டுக்கொண்டே இருப்பார்களாம். ஒரு பிள்ளை இந்தக் கரையில் பிறக்கும், அடுத்தது வேறொரு கரையில் பிறக்கும், எந்தக் கரையும் அவர்களைத் தன் ஆள் என்று சொல்லாது.

தெக்லா அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து அழுதாள். தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டேனே அக்கா என்று அழுதாள். தப்பு ஜேம்ஸ் (அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் அதுதான் பெயர்) அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தான். திருப்பி அனுப்பலாம் என்றால் எப்படி அனுப்புவது என்று யாருக்குத் தெரியும்? அவன் கிழிந்த வலைகளைப் பொத்த உட்கார்ந்தான், நன்றாகவே பொத்தினான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி செல்போனை எடுத்தாள். இந்தத் தடவை பிறந்த ஊரைத் தேடவில்லை, மேயோவில் காவல்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகளைத் தேடினாள். தப்பு ஜேம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீடு இல்லை, அதற்கு அடுத்தது, அந்த ஆள் இல்லை, அவன் நல்லவன் என்று வழி சொன்னான். அப்படித்தான் அகப்பட்டது அந்த வீடு. வீட்டுத் தலைவன் ஹியூ கெல்லி, கரைக் காவல், பிறந்தது அயர்லாந்தில் கெர்ரி. மனைவி ஈசபெல், பிறந்தது ஸ்காட்லாந்து. மூத்த மகன் ஜேம்ஸ், பிறந்தது ஸ்காட்லாந்து. அவனுக்கு அடுத்தவள் பிறந்தது அயர்லாந்தில் டொனிகால் கரை. கடைக்குட்டி பிறந்தது மேயோ. தெக்லா அந்தக் குடும்பத்தைப் பிள்ளை பிள்ளையாகப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்துப்போனது, கடைசியில் நானும் சேர்ந்து படித்தேன், மூத்தவன் ஸ்காட்லாந்து, நடுவுள்ளவள் டொனிகால், கடைக்குட்டி மேயோ, அடுப்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை கரைதான் ஏறினாளோ அந்த ஈசபெல்.

காலையில் உண்மையான ஜேம்ஸ் வந்தான். இருபது வயசுப் பையன், நீலச் சட்டை, சந்தானம்மாளை விட்டுப் போனபோது எப்படி இருந்தானோ அப்படியே. தெக்லா அவன் முன்னால் போய் நின்றாள், கொள்ளுப் பேத்திக்கு ஐம்பத்திரண்டு வயசு, தாத்தாவுக்கு மீசை சரியாக அரும்பவில்லை, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திகைத்து, கடைசியில் "வாங்க தாத்தா" என்றாள். அவனுக்குத் தமிழ் மறக்கவில்லை. "பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டான். கஸ்பாரைத்தான் கேட்கிறான் என்று புரிந்ததும், கடையில் இருந்த கிழடுகட்டை எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அவனுக்குப் பின்னாலேயே ஹியூ வந்தான், பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, நெஞ்சுவரை தாடி, வந்ததும் மணல்மேட்டில் ஏறிக் கண்ணுக்குமேல் கையை வைத்துக் காவலுக்கு நின்றுவிட்டான். போகிற வருகிற படகையெல்லாம் விசில் அடித்து நிறுத்தினான். முதலில் எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு ஒருநாள் அவன் விசிலடித்துக் காட்டிய இடத்தில் மீன்கூட்டம் மேலே துள்ளிப் பொரிந்துகொண்டிருந்தது, அன்றிலிருந்து அவன் விசிலுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள் ஒரு பெண்ணை எழுதும்போது அவள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதே இல்லை, கட்டிக்கொடுத்தாலும் விடமாட்டார்கள், செத்தாலும் விடமாட்டார்கள். அப்பன் பெயர் எழுதினால் ஆத்தாள் பெயரையும் எழுதுவார்கள். அதனால்தான் ஜேம்ஸ் பிறந்த பதிவிலிருந்து ஈசபெல் ராஸ் வந்தாள், ஈசபெல் கல்யாணப் பதிவிலிருந்து அவள் அம்மா கர்ஸ்டி வந்தாள். இரண்டு பேரும் மீன் கிழிக்கிற பெண்கள். விரலில் கத்தி படாமல் இருக்கத் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வந்ததும் வராததுமாக எங்கள் பெண்கள் மீன் அறுக்கிற இடத்துக்குப் போய்க் கத்திக்குக் கை நீட்டினார்கள், அவர்கள் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, ஆனால் கூடையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறவளை முறைப்பதற்குப் பாஷை எதற்கு? கர்ஸ்டி முறைத்தால் எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஹியூவின் அப்பா வந்ததுதான் கொஞ்சம் சங்கடம். அயர்லாந்தில் ஒரு பெரிய தீயில் பழைய பதிவுகள் ஏராளமாக எரிந்துபோயினவாம், அவர் பிறந்ததும் போயிற்று, வளர்ந்ததும் போயிற்று. ஸ்காட்லாந்தில் மகன் கல்யாணத்தின்போது எழுதிய ஒரே வரி மிச்சம், அப்பா மைக்கேல் கெல்லி, கரைக் காவல். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு ஆள் வருமோ அவ்வளவுதான் வந்தார். கோட்டு இருந்தது, பூட்ஸ் இருந்தது, பெரிய கைகள் இருந்தன, தொப்பிக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் பனிமூட்டம். பிள்ளைகள் பயப்படுமோ என்று பார்த்தோம். பிள்ளைகள் அவரைத்தான் கண்ணாமூச்சிக்குக் கூப்பிட்டார்கள்.

ஊரில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புயலில் புருஷனைக் கொடுத்த பிரகாசி, தெக்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் தேடு தாயி என்றாள். தெக்லா தேடினாள், அவர் வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, நாம் தினமும் நினைத்து அழுகிறவர்கள் வருவதில்லை, எல்லோரும் மறந்துபோனவர்கள்தான் வருகிறார்கள். பிரகாசி அதைக் கேட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். "அப்ப அவர் எங்கயும் போகல" என்றாள்.

என் அண்ணனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். தெக்லா, ரீத்தா, ஜேம்ஸ், ஹியூ, ஈசபெல், கர்ஸ்டி, முகமில்லாத மைக்கேல், ஏழு. தெக்லா நினைத்து அழுகிற சிலுவையும் கஸ்பாரும் வரவில்லை, ஜேம்ஸின் தங்கையையும் கடைக்குட்டியையும் ஈசபெல்லின் அப்பாவையும் அங்கே யாரோ இன்னும் நினைக்கிறார்கள்போல, அவர்களும் வரவில்லை. அதற்குமேல் கெல்லி பக்கம் தீ தின்றுவிட்டது, ராஸ் பக்கம் கப்பலேறிக் கனடா போய்விட்டது, தெக்லா கண் பூத்துப்போகத் தேடியும் எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் என் கடைக்கு வந்து சந்தோஷமாக டீ குடித்தான். எனக்கு வந்த கோபத்தில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

திருவிழா வந்தது. காலைப் பூசை முடிந்து, சப்பரம் கடல் பார்த்து நின்று, படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்து, இரண்டு கயிறும் கரைக்கு வந்தன. தெற்கே மோத்தாக்களும் மற்றவர்களுமாக ஊர்க்கயிற்றில் நின்றார்கள். வடக்கே தெக்லா முதலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் ரீத்தா, அவளுக்குப் பின்னால் நீலக் கோட்டுகளும் கம்பளிச் சால்வைகளுமாக வரிசை. வரிசையின் கடைசியில் எட்டாவது ஆளாகத் தப்பு ஜேம்ஸ் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான், கண்ணை மட்டும் ஹியூ பக்கம் திருப்பவில்லை.

"நிறுத்து!" என்று அண்ணன் கையைத் தூக்கினான். "ஏழு பேர் ரத்தம், சரி, நான் சொன்ன சொல்லு மாறல. கடைசியில நிக்கவன் யாரு? ஊருக்கே தெரியும், அவன் தப்பான ஆளு. கெல்லி ரத்தமே இல்ல."

ரீத்தா கயிற்றைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அண்ணனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. இத்தனை தேடலும் போயிற்று, இன்னும் பன்னிரண்டு வருஷம் இந்தப் பெண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

தெக்லா கயிற்றை விடவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே திரும்பி, வகுப்பில் பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"தலைவரே, இவர் என் ரத்தம் இல்ல, ஒத்துக்கிடுதேன். இவரை இறக்கிவிட்டுருதேன். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். தென்கயித்துல நிக்கிறது பூரா ஊர் ரத்தம்தானா?"

"பின்ன?"

"யாரு பார்த்தா? நான் ஆறு மாசமா தேடித்தேடி இந்த வேலை இப்ப எனக்குக் கைவந்துட்டு. கோவாவுல பதிவு இருக்கு, கொழும்புல இருக்கு, போர்த்துகல்ல இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் பெனியக்கா கடையில உக்காந்து மோத்தா வீட்டுல ஆரம்பிக்கேன். நீங்க மறந்துபோனவங்க அத்தனை பேரையும் கண்டுபிடிச்சுப் பேர் சொல்லி வாசிக்கேன். நாளைக்குக் காலையில வருவாங்க. அவங்க வாயாலேயே சொல்லட்டும், யாரு யாரு ரத்தம்னு."

தென்கயிற்றில் யாரோ ஒருவனுக்கு இருமல் வந்தது. அந்த இருமல் அடுத்தவனுக்குத் தொற்றியது. ரோட்ரிகோ வீட்டுப் பெரியவர், "இருக்கட்டும் மெல்கியோர், ஒரு ஆளுதான, இழுத்துட்டுப் போறான்" என்றார். பர்னாந்து ஒருவன், "நல்லா வலை பொத்துதான் தலைவரே, நல்ல பையன்" என்றான். எங்கள் வீட்டில் யாரை மறந்தோம், எதற்காக மறந்தோம் என்று எனக்கென்ன தெரியும்? ஆனால் என் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை, அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஒருநாள் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது மணலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹியூ தன் இடத்தை விட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தான். தப்பு ஜேம்ஸ் ஓடத் தயாரானான். உயிரோடிருந்தபோது ஒருத்தன் துரத்தினான், ஒருத்தன் ஓடினான், அது அவர்கள் வழக்கு. ஹியூ அவன் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தான், சுற்று சரியில்லை, வழுக்கும், அவிழ்த்து இறுக்கமாகச் சுற்றிவிட்டான், முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான். அண்ணன் தூக்கிய கையைக் கீழே போட்டான்.

"இழுங்கலே" என்றான்.

அவர்கள் பிறகு போனதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லி உங்களை அழவைக்க எனக்கு இஷ்டமில்லை, இது அழுகிற கதையும் இல்லை. திருவிழா கழிந்த வாரம் அவர்கள் வரிசையாகக் கரையோடு வடக்கே நடந்துபோனார்கள், ஹியூ முன்னால், கர்ஸ்டி கடைசியில், எங்கேயோ இடமாற்றம் வந்திருக்கவேண்டும். ஜேம்ஸ் மட்டும் சந்தானம்மாள் கல்லறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான், எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை, இந்தத் தடவை உத்தரவுக்குக் கீழ்ப்படிய முடியாது என்றான். தப்பு ஜேம்ஸுக்கு இடமாற்றம் போட யாரும் இல்லாததால் அவனும் இங்கேயே இருக்கிறான், நேற்றுக்கூடப் பால் போதவில்லை என்று சண்டைபிடித்தான்.

கயிற்றுக்குத் திரும்புகிறேன். இழுத்தார்கள். அம்மா, அப்படி ஒரு இழுப்பை நான் பார்த்ததில்லை. முதலில் கயிறு அசையவே இல்லை, கடலே வலைக்குள் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது, பிறகு கர்ஸ்டி ஒரு பாட்டெடுத்தாள், ஈசபெல் வாங்கிப் பாடினாள், அவர்கள் பாட்டுக்கு எங்கள் பெண்கள் ஏலேலோ போட்டார்கள், ஏலேலோவுக்கு முகமில்லாத மைக்கேல் பூட்ஸை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார், அவர் சாய்ந்ததும் ஹியூ சாய்ந்தான், ஜேம்ஸ் சாய்ந்தான், ரீத்தா சாய்ந்தாள், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் துரத்தப்பட்ட அந்தக் கூட்டம் எல்லாம் ஒரே கரையில் குதிகால் ஊன்றி நின்று இழுத்தது, தெற்கே எங்கள் ஆட்கள் ஈடுகொடுக்க முடியாமல் பல்லைக் கடித்தார்கள், தெக்லாவின் உள்ளங்கை பிய்ந்து கயிறு சிவந்தது, அவள் விடவில்லை. மிதவைகள் தெரிந்தன. கடற்காக்கைகள் மேலே வந்து கூச்சல் போட்டன. மடி வந்தது, பாறை மீனும் வாளையும் சீலாவும் துள்ளத் துள்ள, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத மடி.

மடி மணலைத் தொட்டதும் தலைவர் கேட்கவேண்டும், யாருடைய பாடு, அதாவது இந்த மீன் யார் வீட்டு இழுப்பு என்று. கரை மொத்தமும் சேர்ந்து வீட்டுப் பெயரைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் பெயர் முறையில் ஏறிவிட்டது, பிறகு யாராலும் இறக்கமுடியாது. அண்ணன் மடியின் முன்னால் வந்து நின்றான். தெக்லா மணலில் உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் விரித்துவைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"யாரு பாடு?" என்றான் அண்ணன், சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

நான் மோத்தா வீட்டுப் பெண். முதலில் கத்தியது நான்தான். "கெல்லி பாடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன், பிரகாசி கத்தினாள், தென்கயிற்றுக்காரர்கள் கத்தினார்கள், சாமியார் கத்தினார், சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் கத்தினார்கள், கரை முழுக்கக் கெல்லி பாடு, கெல்லி பாடு என்று அலையைவிடப் பெரிதாகக் கேட்டது, ரீத்தா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், நீலக் கோட்டுக்காரர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒரு தரம் கேட்டால் போதும் என்பதுதான் சட்டம். என் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான், வேட்டியை மடித்துக் கட்டினான், இந்தத் தடவை பக்கத்து ஊருக்கே கேட்கிற குரலில் மறுபடியும் கேட்டான்.

"யாரு பாடுலே?"